செந்தூலில் விழுந்த குண்டு



பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கப்போகும் பிள்ளையிடம், "ராஜாக்கள் பெயரை மனப்பாடம் செய்யவா அவ்வளவு தூரம் போகிறாய்?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே மாணவர் முதலில் பழகுவது வேறொரு கேள்வி: 'இது இப்படித்தான் நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?' இக்கேள்விக்கு விடை தேடும் வழிக்கே சரித்திர ஆய்வு முறை என்று பெயர்.

செந்தூலையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வேயின் மத்தியப் பட்டறை அங்கேதான் இருந்தது. நம்மவர் பலர் அதில் வேலை பார்த்து, அதைச் சுற்றியே குடியிருந்தனர். ஜப்பானியர் ஆட்சியின் இறுதிக் கட்டத்தில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கோலாலம்பூர் ரயில்வே நிலையங்கள்மீதும் அப்பட்டறைமீதும் விமானங்கள் குண்டு வீசின. வீசியவர் யார்? திரும்பி வந்த ஆங்கிலேயர் என்றுதான் எவருக்கும் நினைக்கத் தோன்றும். ராணுவ ஆவணங்களைப் புரட்டினால், அவை அமெரிக்காவின் பி-29 விமானங்கள் என்பது தெரியவரும். அவை புறப்பட்டதோ கல்கத்தாவுக்கு மேற்கேயுள்ள கரக்பூர்ப் பகுதியிலிருந்து! இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய விமானம், இந்தியத் தொழிலாளரின் குடியிருப்புக்கு மேலே வந்து நின்றது.

அப்படியானால் ஆவணத்தை அப்படியே நம்பிவிடலாமா? எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்று மாணவர் கேட்க வேண்டும். விமானப்படை அறிக்கை மேலதிகாரிக்காக எழுதப்பட்டது. மேலிருந்து எடுத்த படத்தில் எத்தனை கூரை சரிந்தது என்று எண்ணலாம். கூரைக்குக் கீழே இருந்தவர் யார் என்று அதில் தெரியாது. அக்காலப் பத்திரிகைகளோ ஜப்பானியரின் தணிக்கைக்கு உட்பட்டவை. அன்று சிறுமியாக இருந்து, கால்வாய்க்குள் ஓடி ஒளிந்த ஒரு பாட்டிக்குத்தான் மிச்சக் கதை தெரியும். ஆனால் அவரும் இரண்டு நாள் நடந்ததை ஒரே நாளாகச் சேர்த்துச் சொல்லக்கூடும். அம்மா சொன்னதைத் தாமே கண்டதாக நினைக்கக்கூடும். எனவே பக்கத்து வீட்டாரையும் தனியே கேட்டு, காகிதத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராத இடத்தையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். முத்திரை குத்திய காகிதம் என்பதற்காகவோ, நம் பாட்டி என்பதற்காகவோ எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சொல்வது எளிது, செய்வது கடினம்.

தோட்ட மக்களுக்கு இது வெறும் படிப்புச் சமாச்சாரம் அன்று. கப்பலில் வந்த தொழிலாளருக்கு அரசாங்கம் கணக்கு வைத்தது. ஆள் என்றால் பணம் அல்லவா? அக்கணக்குகள் இருந்ததால்தான் கெர்னியல் சிங் சந்து 1969-இல் மலாயா இந்தியர் குடியேற்றம் பற்றிய பெரும் நூலை வெளியிட முடிந்தது. மலாயாப் பல்கலைக்கழகச் சரித்திரப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் மறு ஆண்டே வந்தது. ஆனால் 1943-இல் தோட்டம் தோட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழருக்கு எந்தப் பேரேடு இருக்கிறது? அங்கு இறந்த வெள்ளைக்காரக் கைதிகளில் பெரும்பாலோர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவரில் எத்தனை பேர் இறந்தனர் என்பதில் நூலுக்கு நூல் பல்லாயிரம் வித்தியாசம் காணப்படுகிறது. பேரேடு இல்லாத அந்த இடத்தில், திரும்பி வந்தவர்களும் விதவைகளும் சொன்ன சொல்லே சான்று.

செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005 முதல் நாடக அரங்கமாக விளங்குகிறது. குண்டு விழுந்தபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். ஆகவே, விடுமுறைக்கு வரும் பிள்ளை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தால், "அதெல்லாம் எதற்கு?" என்று தட்டிக்கழிக்காதீர்கள். கேள்விப்பட்டதை வேறாகவும் கண்டதை வேறாகவும் சொல்லுங்கள். டிரங்குப் பெட்டியிலுள்ள பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துக் காட்டுங்கள். புகைப்படம் இருந்தால் அதன் பின்புறம் ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். மை என்றால் ஊறி மறுபக்கம் வந்துவிடும்.