தன் நூலைத் தானே எடுத்துரைத்தல்

நூலொன்றை எழுதி முடித்தவனுக்கு அதனைப் பிறர்முன் எடுத்துரைக்க நா எழாமை தமிழரிடம் நேற்றுத் தோன்றிய குறையன்று. இலக்கணமே அதற்கு இடங்கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எவரும் செய்யாததைச் செய்து முடித்தவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று பாயிரத்தில் விதித்தார். அவ்வாறாயின் நூலின் சிறப்பை உலகுக்கு யார் கூறுவது? ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் நால்வர்க்கும் அஃது உரிய கடன் என்றார். நூலாசிரியனோ அவையடக்கம் கூறி ஒதுங்கி நிற்பான். கம்பனே தன்னைப் பாற்கடலைப் பருகப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுக் கொண்டான் எனில், ஏனையோரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

நம்மவர் பலர் நன்னூலை இவ்விடத்திலேயே மூடிவிடுகின்றனர். அம்முனிவரே விலக்கும் கூறியிருக்கிறார். அரசவைக்குச் சீட்டுக்கவி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதல் தகும் என்பதே அது. இந்நான்கனுள் இரண்டாவதே அச்சுக்காலத்து எழுத்தாளனுக்கு உயிர்நிலையானது.

ஏனெனில், ஓலைக்காலத்தில் கேட்போர் ஓர் அவையில் அடங்கினர். கொடுப்பதற்கு ஒரு வள்ளல் போதும். அச்சு வந்தபின் ஐந்நூறு பிரதிக்கு முகமறியாத ஐந்நூறு பேர் வேண்டும். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுவதற்குக் கனவான்களிடம் கையொப்பம் சேர்க்க நேர்ந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதியும் அச்சேறியது. ஐயரவர்கள் கேட்டது திருத்தக்கதேவருக்காக. பிறர் நூலுக்காகக் கை நீட்டும்போது நாணம் பாதி குறைந்துவிடும் என்பது நம் எண்ணம்.

பாரதியாரோ தமக்காகவே கேட்டார். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் விடுத்த சீட்டுக்கவியில் அவையடக்கம் மருந்துக்கும் இல்லை. தமிழ்நாட்டில் கவியரசர் இல்லை என்ற பழி தம்மால் நீங்கிற்று என்றார். சால்வையும் பொற்பையும் பல்லக்கும் வேண்டுமென்றார். இதனைச் செருக்கென்பார் உளர். நன்னூலின் முதல் விலக்குக்கு இதனினும் பொருத்தமான சான்று நாம் கண்டிலோம். ஜமீன் அசையவில்லை. மறு ஆண்டு கடயத்திலிருந்து அவர் விடுத்த அறிக்கை அரசனுக்கன்று, பொதுமக்களுக்கு. தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடனுதவி வேண்டுமென்றும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் அவை வீடுதோறும் விலைபோகும் என்றும் அதில் கூறினார். அறியாதாரிடை கூறும் தற்புகழ்ச்சி இதுவே. அத்திட்டம் நிறைவேறவில்லை, 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். ஆயினும் அவர் கூறிய விலைக்கணக்கு பிழையென்று இன்று யார் சொல்வர்?

மலாயாவில் 1946இல் மலாயா வானொலி தொடங்கிற்று. 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை வந்தது. அவை பெரிதாயிற்று, நம் பழக்கம் மாறவில்லை. இன்றும் நூல் வெளியீட்டு விழாக்களில் தலைவர் பேசுவார். முதல் நூல் பெறுவோர் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார். ஆசிரியன் கைகூப்பி நிற்பான். அவனுடைய ஏற்புரைக்கு முறை வரும்போது பாதிப் பேர் உணவுப் பந்திக்குப் போயிருப்பர்.

கோலா பிலாவில் தோட்டக் கிராணியாயிருக்கும் நாமும் இவ்விலக்கணத்துக்குள் அகப்பட்டவரே. பால்மரக் காட்டு முதியோர் சொல்லக் கேட்டு ஒரு சிறு நூல் எழுதினோம். ஆங்கில வழியிற் பயின்ற நமக்குத் தமிழாசிரியர் இல்லை. உடன் கற்றோர் தமிழ் படியார். மாணாக்கரும் உரைகாரரும் இல்லை. பவணந்தியார் கூறிய நால்வருள் ஒருவரும் கிட்டாதவன் என் செய்வான்? முந்நூறு பிரதிகள் கட்டிலின் கீழ்க் கிடந்தன. தொலைக்காட்சி நிலையமொன்று அழைத்தபோது இருமுறை உடல்நலமில்லை என்று பொய் கூறினோம். நமக்குக் கதை சொன்ன கிழவியார், “என் பேச்சைத்தானே எழுதினே, தம்பி? அதைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்?” என்றார். ஐயரவர்களின் கையொப்பக் கதை அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

மூன்றாம் அழைப்புக்கு இசைந்தோம். விடியுமுன் புக்கிட் பூத்துஸ் மலைப்பாதையைக் கடந்து சிரம்பான் வழியாகச் சென்றோம். நமக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். முதல் நிமிடம் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. பிறகு அக்கிழவியாரின் பெயரைச் சொன்னோம். தோட்டத்தின் பெயரைச் சொன்னோம். நூலின் விலையையும் சொன்னோம்.