முள் சொல்லும் செய்தி: டீசல் வண்டியில் அளவுமானிகள் ஏறிய வரலாறு

திருப்பூணித்துறையைக் கடந்து கிழக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85-க்கு முன்னர் 49 என்று எண். மூவாற்றுப்புழை, கோதமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு ஏறி, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, போடிநாயக்கனூர், தேனி, மதுரை என்று அது நீள்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் புறப்படும் வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மறுபுறம் மீண்டும் சமவெளிக்கு இறங்கவேண்டும். சுமையேற்றிய டீசல் பிக்கப் வண்டிக்கு இது கடினமான தேர்வு.

இத்தகைய ஏற்றங்களில் ஓடும் சில பிக்கப்புகளிலும் பழைய ஜீப்புகளிலும், முன்கண்ணாடியின் ஓரத் தூணிலோ டேஷ்போர்டின் மேலோ, 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மூன்று வட்ட முகப்புகளைக் காணலாம். ஒன்று டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்; இன்னொன்று புகைபோக்கிக்குச் செல்லும் வாயுவின் வெப்பம்; மூன்றாவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். இவை வண்டியைச் செய்த நிறுவனம் வைத்தவை அல்ல. உரிமையாளர் பின்னர் வாங்கிப் பொருத்தியவை. எஞ்சினைக் கணினியே கவனித்துக்கொள்ளும் காலத்தில் இவை எதற்கு என்ற கேள்விக்கு விடை, ஏறத்தாழ 175 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. எஞ்சினுக்குள் நடப்பதை அறியும் உரிமை யாருக்கு என்பதே அந்த வரலாற்றின் மையம்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘கேஜ்’ என்ற ஆங்கிலச் சொல் கொச்சி நாட்டின் பேச்சில் புழங்கத் தொடங்கியது தண்டவாளத்தின் வழியே என்று கொள்ள இடமுண்டு. 1902-இல் ஷொரணூரிலிருந்து எறணாகுளத்துக்கு வந்த இருப்புப்பாதை ‘மீட்டர் கேஜ்’ பாதை. அதற்குப் பணம் திரட்ட, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை மன்னர் இராமவர்மா விற்றார் என்ற செய்தி அவ்வூரில் இன்றும் பேசப்படுவது. அங்கே கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம். ஆனால் அப்பாதையில் ஓடிய நீராவி எஞ்சினின் ஓட்டுநர் எதிரே இன்னொரு கேஜும் இருந்தது: கொதிகலனின் அழுத்தத்தைக் காட்டும் முள். நூல்தமிழ் அதை ‘அழுத்தமானி’ என்கிறது. மலையாளம் ‘மாபினி’ என்ற சொல்லைக் கொண்டு அதே வகைப் பெயர்களை ஆக்குகிறது. பட்டறையிலோ இரு மொழியினருக்கும் அது ‘மீட்டர்’தான். தமிழர் ‘முள்’ என்பதை மலையாளிகள் ‘சூசி’ என்கிறார்கள். ஒருவருக்கு அது செடியின் உறுப்பு, மற்றவருக்குத் தையற்காரரின் கருவி.

அந்த நீராவி அழுத்தமானியின் உள்ளுறுப்பு எளியது. 1849-இல் பிரான்சின் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: தட்டையாக்கி வளைத்த ஓர் உலோகக் குழாய், உள்ளே அழுத்தம் ஏறினால் சற்றே நிமிர முயலும், அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். மின்சாரம் வேண்டியதில்லை. இன்று பிக்கப்பில் பொருத்தப்படும் இயந்திரவகை டர்போ அழுத்தமானிக்குள்ளும் பெரும்பாலும் இதே வளைகுழாய்தான் இருக்கிறது.

நீராவிக் காலத்தில் அந்த முள்ளை யாரும் மறைக்க முடியவில்லை. கொதிகலன் வெடித்தால் அருகிலிருந்தவர் எல்லாரும் இறந்தனர். ஆகவே சட்டம் தலையிட்டது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் பதிவையும் ஆய்வையும் அழுத்தமானியையும் கட்டாயமாக்கின. ஆபத்து பொதுவானதாக இருந்ததால் அளவும் பொதுவில் காட்டப்பட்டது.

டீசல் எஞ்சினில் நிலைமை வேறு. ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமை பெற்று 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய அந்த எஞ்சின் கெட்டுப்போனால் ஊர் அழியாது. உரிமையாளரின் பணப்பைதான் அழியும். இழப்பு ஒருவருக்கு மட்டும் என்றானபின், அளவைக் காட்டவேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது.

ஆனால் டீசலின் இயல்பே அளவைக் கேட்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டர் உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. மரபான டீசல் எஞ்சினில் காற்றுக்குத் தடை இல்லை. மிதியை அழுத்தினால் கூடுவது எரிபொருள். காற்று போதிய அளவு இருக்கும்வரை கூடுதல் டீசல் கூடுதல் ஆற்றலாகும். காற்று போதாமல் போனால் அது கரும்புகையாகவும் வெளியேறும் வாயுவின் வெப்பமாகவும் மாறும். 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்ற டர்போ இதற்கு ஒரு விடை: வெளியேறும் வாயுவே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய ஆற்றல் கிடைத்தது. அதோடு வெப்பச் சுமையும் கூடியது.

1982-இல் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கப்பட்டு, டர்போக்கள் உள்நாட்டிலேயே உருவாயின. 1986-இல் டாடா 407, பின்னர் டாடாமொபைல் என்று இலகுரக டீசல் வண்டிகள் சாலைக்கு வந்தன. அவ்வகை வண்டிகளில் டர்போ படிப்படியாக இடம்பிடித்தது. திருப்பூணித்துறையை அடுத்த அம்பலமுகளில் 1966-இலேயே கொச்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது. இரும்பனத்து எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து டேங்கர் லாரிகள் இன்றும் புறப்படுகின்றன. டீசல் வடிக்கப்படும் ஊரை ஒட்டியே டீசல் வண்டியின் மலையேற்றமும் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய தலைமுறை அளவை உடலால் அறிந்தது. 1950களில் இந்திய-நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தத் தொடங்கியபோது, துடுப்பும் பாயும் அறிந்தவர்கள் புதிதாக ஓர் ஓசையைப் படிக்கக் கற்றார்கள். தமிழ்நாட்டுக் கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினுக்கும் மீட்டர் என்று எதுவும் பெரிதாக இருந்ததில்லை; ‘டுக் டுக்’ ஓசையின் இடைவெளி, புகையின் நிறம், நீர்க்குழாயைத் தொட்ட கையின் சூடு ஆகியவையே அளவுகள். ஓட்டுநர் எஞ்சினுக்கு அருகில் நின்றதால் இது முடிந்தது. ஒலி நுழையாத கேபினும் குளிர்சாதனமும் பாட்டும் வந்தபின் அந்த உடலறிவுக்கு வழி அடைபட்டது.

இதே காலத்தில் டேஷ்போர்டும் சுருங்கியது. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் வேகமானியோடு நான்கு சிறு முகப்புகள் இருந்தன: எரிபொருள், நீர் வெப்பம், ஆயில் அழுத்தம், ஆம்பியர். போர்க்களத்தில் பழகாத கையும் வண்டியை ஓட்டும் என்று தெரிந்தும் அவற்றை வைத்தார்கள். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அந்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்கக் கார்களில் 1930களிலேயே வேறொரு போக்கு தொடங்கியிருந்தது: ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்துக்கு முள்ளை நீக்கி விளக்கு வைத்தது. செலவு குறைவு, ஓட்டுநர் குழம்பமாட்டார் என்பது வாதம். பிறகு உலகமெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

விளக்குக்கும் முள்ளுக்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்தில் வினைக்கும் வியங்கோளுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. முள் நடப்பதைச் சொல்கிறது. விளக்கு ‘நிறுத்துக’ என்று ஆணையிடுகிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் பொதுவாக 2 முதல் 4 பார் வரை இருக்கும். சிவப்பு விளக்கு எரிவது சுமார் அரை பாருக்குக் கீழே. இடைப்பட்ட வீழ்ச்சியைப் பற்றி விளக்கு ஒன்றும் பேசாது. அது பேசும்போது பேரிங்குகள் தேய்ந்து முடிந்திருக்கலாம். நீர்வெப்ப முள்ளும் பல புதிய வண்டிகளில் உண்மையான முள் அன்று: இயல்பான வெப்பத்தின் பரந்த எல்லை முழுவதிலும் அது நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்படுகிறது. ரேடியேட்டர் நீர் முழுதும் ஒழுகிவிட்டால், நீரை அளக்கவேண்டிய சென்சார் வெறும் காற்றில் நின்று பொய்யாகக் குறைத்துக் காட்டவும் கூடும்.

ஆகவேதான் வெளியிலிருந்து மானி வாங்கும் வழக்கம் பிறந்தது. அது புதியதும் அன்று. 1910களில் ரேடியேட்டர் மூடியின்மேல் திருகிவைக்கும் பாய்ஸ் மோட்டோமீட்டர் அமெரிக்காவில் பெருமளவில் விற்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதன் சிவப்புத் திரவம் ஏறுவதைக் கண்டார். தென்னாட்டில் கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தின் பிரிக்கால் நிறுவனம் 1975 முதல் வாகன மானிகளைச் செய்துவருகிறது.

பொருத்தும் வேலையில் மிகக் கடினமானது வாயுவெப்பமானி. அதன் உணர்கருவி ஒரு தெர்மோகப்பிள்: இருவேறு உலோகக் கம்பிகள் சந்திக்கும் முனை சூடானால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1821-இல் சீபெக் கண்ட விளைவு. வழக்கமான ‘கே’ வகைக் கம்பியில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். இவ்வளவு நுண்ணிய குறிப்பைச் சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டினால் அளவு பிழைபடும். அதற்குரிய கம்பியையே முகப்புவரை கொண்டுசெல்லவேண்டும்.

முனை அமரவேண்டிய இடம் டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் வாயு ஒன்றுசேரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வேலை எளிது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றுவதில் வாயு வெப்பத்தை இழந்துவிடுவதால் எண் குறைவாகவே வரும். மேனிஃபோல்டில் துளையிட்டு மரை வெட்டும்போது இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் டர்போவின் இறக்கைகளைச் சிதைக்கும். எனவே கவனமுள்ள மெக்கானிக் மேனிஃபோல்டைக் கழற்றி மேசைமேல் வைத்துத் துளையிடுவார். கழற்றாதவர் துளைக்கும் முனையில் கிரீஸ் தடவி, அடிக்கடி துடைத்து, இறுதியில் காந்தத்தால் துழாவுவார்.

ஆயில் அழுத்தமானியில் வேறொரு சிக்கல். அமெரிக்க மானிகளோடு வரும் இணைப்பின் மரை அங்குலத்துக்கு 27 சுற்று, கோணம் 60 டிகிரி. பிரிட்டிஷ் வழிவந்த மரை 28 சுற்று, 55 டிகிரி. இரண்டும் முதல் இரண்டு திருகலுக்கு ஒத்துப்போகும். பிறகு இறுகும், கசியும். ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களைப் போன்றவை இவை. மேலும் சூடான ஆயிலை மெல்லிய குழாயில் கேபினுக்குள் கொண்டுவரும் பழைய முறை ஆபத்தானது. எஞ்சினிலேயே மின் சென்சார் வைத்துக் கம்பியை மட்டும், ரப்பர் வளையம் இட்ட துளைவழியே உள்ளே கொண்டுவருவதே முறை.

பொருத்திய பின் பயன் என்ன? மூணாற்று உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உயர்ந்த கியரிலேயே மிதியை ஊன்றி ஏறினால் டீசல் கூடுகிறது, காற்று கூடுவதில்லை. வாயுவெப்ப முள் சில நொடிகளிலேயே 600 டிகிரியைக் கடக்கும். தொடர்ந்த ஓட்டத்துக்கு டர்போவின் முன் சுமார் 700 டிகிரியைப் பலர் எல்லையாகக் கொள்கிறார்கள். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆயிலாலும் புதுக்காற்றாலும் குளிர்வதால் பிஸ்டன் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. ஆனால் எல்லை மீறிய நிலை நீடித்தால் அந்தப் பாதுகாப்பு தேய்கிறது. ஓட்டுநர் ஒரு கியர் குறைத்து மிதியைச் சற்றுத் தளர்த்தினால் சுழற்சி கூடும், காற்று கூடும், முள் இறங்கும். இந்த நேரம் முழுவதும் நீர்வெப்ப முள் நடுவிலேயே நின்றிருக்கும். உச்சியில் நிறுத்தும்போதும் முள் நன்கு இறங்கும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைத்தால், டர்போ பேரிங்கில் ஆயில் கருகிப் படிவதில்லை.

இரண்டு முட்களைச் சேர்த்துப் படிப்பவர் இன்னும் அறிவார். அதே ஏற்றத்தில் டர்போ அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து வெப்பம் கூடினால், காற்றுக்குழாய் எங்கோ பிளந்திருக்கலாம். விளக்கு எரியும் முன்பே, குழாய்க்கான சிறு செலவிலேயே கோளாறு முடியும். கடன் தவணை கட்டி ஒரே வண்டியை நம்பி வாழும் உரிமையாளருக்கு, டர்போவையோ சிலிண்டர் ஹெட்டையோ மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு வேறுபாடு அன்று.

வரலாற்றின் கடைசித் திருப்பம் 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதி. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை அவ்வப்போது எரித்துத் தூய்மையாக்க, வாயுவின் வெப்பத்தைக் கணினி அறியவேண்டும். எனவே இத்தகைய டீசல் வண்டிகளில் வாயுவெப்ப சென்சார் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. மேனிஃபோல்டைத் துளைப்பது இப்போது தேவையற்றதாகிக்கொண்டிருக்கிறது. துளைத்தால் உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகலாம். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சோதனைச் செருகியில் சிறு கருவி மாட்டிக் கைப்பேசியில் சில அளவுகளைப் படிக்க முடிகிறது. ஆனால் எல்லா வண்டியும் எல்லா எண்ணையும் தருவதில்லை.

அளவு எடுக்கப்படுகிறது, ஓட்டுநருக்குத்தான் அது காட்டப்படுவதில்லை. 1923-இல் கொதிகலன் அருகே நின்ற தொழிலாளிக்குச் சட்டம் உறுதிசெய்த முள், ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் மலையேறும் பிக்கப்பின் உரிமையாளருக்குச் சொந்தச் செலவில் வாங்கவேண்டிய பொருளாக இருக்கிறது. சென்சாரும் கம்பியும் கணினியும் திரையும் அவர் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய வண்டியிலேயே உள்ளன. அந்த எண்ணைக் காட்டப் புதிதாக ஓர் உலோகத் துண்டும் வேண்டியதில்லை. திரையில் ஒரு பக்கம் போதும்.