வரவுப் பக்கத்தில் புளூட்டோனியம்

அக்டோபர் 17, 1956. இங்கிலாந்தின் கால்டர் ஹால் அணுமின் நிலையத்தைத் திறந்துவைத்தார் எலிசபெத் மகாராணி. அமைதிக்கான அணு என்று ஏகப்பட்ட கைதட்டல். உள்ளே கதையே வேறு. அந்த உலைகளின் முதல் வேலை, அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிப்பது. மின்சாரம்? கூடவே கிடைத்த லாபம்!

முந்தைய வருடம் அரசாங்கம் போட்ட கணக்கைப் பாருங்கள். நிலக்கரி மின்சாரத்தின் விலைக்கே அணு மின்சாரமும் கிடைக்குமாம். எப்படி? புளூட்டோனியத்துக்கு ஒரு விலை வைத்து, வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். செலவு தானாக இளைத்துவிட்டது.

குட்டு 1989ல் உடைந்தது. தாட்சர் அரசு மின்துறையைத் தனியாருக்கு விற்கக் கிளம்பியபோது, பழைய உலைகளைப் பிரித்துப் போடும் செலவு எல்லோரையும் மிரட்டியது. அணுமின் நிலையங்களை மட்டும் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கால்டர் ஹால் 2003ல் மூடப்பட்டது. கணக்கு மட்டும் மூடவில்லை. சுத்தம் செய்கிற செலவு, இன்றைக்கும் வரி கட்டுகிறவன் தலையில்.