சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில்

சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில். சைனாடவுன் வட்டாரத்தில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ளது. 1827இல் நாராயண பிள்ளை இதை நிறுவினார். 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பினாங்கில் அரசு ஊழியராக இருந்த நாராயண பிள்ளை, 1819 மே மாதம் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார். செங்கல் சூளை வைத்தார், கட்டட ஒப்பந்தக்காரரானார், துணி வியாபாரமும் செய்தார். கோயிலுக்கு இடம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெலுக் ஆயர் தெருவில் முதலில் கிடைத்த நிலத்துக்கு அருகே நல்ல தண்ணீர் இல்லை. அன்றாட அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் கோயில் நடத்த முடியாது. 1821இல் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயருகே கிடைத்த இடமோ நகரத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. 1823இல்தான் இன்றைய இடம் அமைந்தது.

மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் எழுந்த முதல் கோயிலில் பிள்ளை வைத்து வணங்கிய ‘சின்ன அம்மன்’ இன்றும் கருவறையில் இருக்கிறாள். அம்மை முதலிய கொள்ளைநோய்களிலிருந்து காப்பவள் மாரியம்மன். மருத்துவ வசதி அரிதாக இருந்த புதுக் குடியிருப்பில் மக்கள் அவளை முதலில் நாடியது இயல்பே. 1843இல் கோயில் செங்கல் கட்டடமானது. இன்றைய ராஜகோபுரம் 1925இல் எழுந்தது. அருகிலுள்ள பகோடா தெருவுக்கும் டெம்பிள் தெருவுக்கும் இக்கோயிலாலேயே பெயர் வந்தது.

வேலை தேடி வந்திறங்கியவர்களுக்குக் கோயில் தங்குமிடமாகவும் இருந்தது. இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் இதற்கு மட்டுமே இருந்தது. குடியேறிகளின் கோயில்களை வழிபாட்டிடமாக மட்டும் எழுதும் வரலாறு, இத்தகைய பணிகளை விட்டுவிடுகிறது.

திரௌபதி அம்மனுக்கும் இங்கே தனிச் சந்நிதி உண்டு. தீபாவளிக்குச் சில நாள் முன்பு நடக்கும் தீமிதித் திருவிழா அவளுக்குரியது; 1840 முதல் நடந்துவருவதாகச் சொல்லப்படுகிறது. கொடியேற்றம், திரௌபதி கல்யாணம், அரவான் களப்பலி எனப் பாரதக் கதை வாரக்கணக்கில் சடங்குகளாக நிகழும். நிறைவாக, பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள். தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அதே விழா, வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே முறை குன்றாமல் நடக்கிறது.

கோயிலை இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. அண்மைக் குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12 அன்று நடைபெற்றது.