முகப்பரு மருந்துகளில் கந்தகத்தின் இடம்: மில்ஸ்–கிளிக்மன் கொள்கை பற்றிய ஒரு மறு ஆராய்ச்சி

அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் முகப்பரு மருந்துகளுள் கந்தகத்தின் இடத்தை நிர்ணயிக்கப் புகுவோர் பலர், 1972ஆம் ஆண்டு மில்ஸ், ஆல்பர்ட் கிளிக்மன் ஆகிய இருவரும் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையை மறுப்புக்கு இடமற்ற பிரமாணமாகவே கொண்டுவிடுகின்றனர். கந்தகம் முகப்பருவுக்கு நன்மை செய்வதா, தீமை செய்வதா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட அக்கட்டுரையின் சாரம் இது: சிவந்து சீழ் கட்டிய பருக்களைக் கந்தகம் வற்றச் செய்வது மெய்யே, ஆயினும் மருத்துவர் கோமெடோன் என்று வழங்கும் புதிய அடைப்புகளை மயிர்த்துளைகளில் அதுவே உண்டாக்குவதால், இன்றைய பருவை ஆற்றும் மருந்து நாளைய பருவுக்கு வித்தாகிறது. இக்கொள்கையில் ஒரு கவர்ச்சி உண்டு. நெடுங்காலமாக மக்கள் கந்தகத்தை விடாது பூசி வந்ததற்கும், பூசியும் நோய் தீராததற்கும் ஒரே காரணத்தால் விடை கூறிவிடுகிறது. அந்த விடை தன் ஆதாரங்களைக் காட்டிலும் பெரிது என்பதே என் ஆட்சேபம்.

கிளிக்மன் சாமானியர் அல்லர். 1969இல் ஃபுல்டன், பிளேவிக் ஆகியோருடன் சேர்ந்து வைட்டமின் ஏ அமிலத்தை முகப்பரு சிகிச்சைக்குக் கொணர்ந்தவர். துளையடைப்பே இந்நோயின் மூலம் என்னும் நோக்கை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர். அவர் சொல்லுக்கு இருந்த கனம் சான்றின் கனத்தோடு கலந்துபோயிற்று என்றே கருதுகிறேன். அவரும் மில்ஸும் காட்டிய சான்றுகள் இரண்டு: முயலின் செவி ஒன்று, மனிதரின் முதுகு மற்றொன்று. முயற்செவியின் துளைகள் மனித முகத்தைவிட மிக எளிதில் அடைத்துக்கொள்ளும் இயல்பின. அதனால் அச்சோதனை பொருந்துமா என்பதே 1982இல் ஃபிராங்க் என்பாரால் வினாவாக எழுப்பப்பட்டது. முதுகிலோ, மருந்தை வைத்து மூடி ஒட்டும் முறை கையாளப்பட்டது. மூடிய தோல் வியர்த்து, ஊறி, தானே மாறுபாடு அடையக்கூடியது.

அக்காலத்து மருந்துக்கடைகளில் கந்தகம் எவ்வுருவில் விற்கப்பட்டது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திரவம் எனப் பெயர் பெற்ற பழைய மருந்தை எடுத்துக்கொள்வோம். துத்தநாக சல்பேட்டு 40 கிராமும் கந்தகப் பொட்டாஷ் 40 கிராமும் தனித்தனியே நீரில் கரைக்கப்பட்டு, ஒன்றில் மற்றொன்று மெல்லச் சேர்க்கப்பட்டு, ஒரு லிட்டராக நிறைவு செய்யப்படும். அடியில் படியும் வெண்மண்டியைக் குலுக்கிய பின்னரே பூசுவர். அழுகிய முட்டையின் நாற்றம் எழும். சிறிது நேரத்தில் நீர் உலர்ந்து தோலின் மேல் தூள் மட்டும் நிற்கும். இவ்வாறு காற்றில் உலரும் பூச்சையும், பட்டையிட்டு மூடிய கலவையையும் ஒரே பொருள் என்று கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? மருந்து எந்த அடிப்பொருளில் கலக்கப்பட்டது, எவ்வளவு நேரம் மூடப்பட்டது என்பவற்றை விலக்கிவிட்டுக் கந்தகத்தின் மேல் மட்டும் பழியைச் சுமத்த இயலாது. 1978இல் ஸ்டிராஸ் முதலானோர் முயலிலும் மனிதரிலும் இதையே மீண்டும் சோதித்துக் கந்தகம் அடைப்பை உண்டாக்கவில்லை என்று அறிவித்தனர். இரு சோதனைகளும் முரண்பட்டதற்குக் காரணம் நான் கூறும் அடிப்பொருள்தான் என்பதை உறுதியாக நிறுவ இயலாது, அது அனுமானமே. எனினும் முரண் உள்ளவரை 1972ஆம் ஆண்டு முடிபைத் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை.

சட்டம் சென்ற வழி வேறு. மில்ஸும் கிளிக்மனும் எழுதிய அதே 1972இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சீட்டின்றி விற்கும் மருந்துகள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்யத் தொடங்கிற்று. அதன் ஆலோசனைக் குழுவினர் 1982 மார்ச்சில் வெளியான அறிக்கையில் கந்தகத்தை ஏற்றனர். பென்சாயில் பெராக்சைடையும் ஏற்றனர். ஆனால் 1981இல் ஸ்லாகா முதலானோர், சுண்டெலியின் தோலில் முன்னரே தூண்டப்பட்ட கட்டிகளைப் பென்சாயில் பெராக்சைடு வளர்க்கிறது என்று சயன்ஸ் இதழில் காட்டியிருந்தமையால், அம்மருந்து 1991 ஆகஸ்டு 7ஆம் நாள் மேலும் ஆதாரம் வேண்டும் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. விற்பனை தொடர்ந்தபோதிலும், 2010 மார்ச்சு 4ஆம் நாள் வரை இறுதி ஏற்பு கிட்டவில்லை. சுண்டெலியின் சாட்சி இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகள் வலிமையோடு நிற்க, முயலின் சாட்சி ஒரு நாளும் கந்தகத்தை அசைக்கவில்லை. உடலுக்கு நேரும் அபாயம் வேறு, நோய் குணமாகாதொழிதல் வேறு என்று நிர்வாகம் பகுத்துப் பார்த்தது போலும்.

1991 ஆகஸ்டு 16ஆம் நாள் வெளியான இறுதி விதியின் வாசகத்தில் ஒரு சிறு வேற்றுமை என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. தனித்து நிற்கும் கந்தகத்துக்கு 3 முதல் 10 சதவீதம். ரிசார்சினால் என்னும் மற்றொரு மருந்தோடு சேரும் கந்தகத்துக்கோ 3 முதல் 8 சதவீதம். ரிசார்சினாலுக்குத் தனி அனுமதியே இல்லை. கந்தகத்தின் துணையுடன் மட்டும் 2 சதவீதம், அதன் மோனோஅசிட்டேட்டு வடிவமாயின் 3 சதவீதம். கந்தகமும் ரிசார்சினாலும் தோலை உரிப்பவை, ஆதலால் எரிச்சல் மிகாதிருக்க அளவு குறைக்கப்பட்டது என்று ஒருவர் கூறலாம். அதுவே காரணமாயின் ரிசார்சினாலுக்கும் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டிருக்க வேண்டாமா? கந்தகத்துக்கும், அதே விதியில் இடம்பெற்ற சாலிசிலிக் அமிலத்துக்கும் எல்லைகள் உண்டு. ரிசார்சினாலுக்கு மட்டும் அசையாத ஒற்றை எண். ஒற்றை எண் ஆய்வகத்தில் அளந்து கண்ட எல்லையைக் காட்டிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஒரு சூத்திரத்தின் எதிரொலியாகவே எனக்குப் படுகிறது. ஆக்னோமெல் என்னும் பழைய பூச்சில் 2 சதவீத ரிசார்சினாலும் 8 சதவீதக் கந்தகமும் இருந்தன என்பது இவ்வனுமானத்துக்கு இடந்தருகிறது. நிரூபணம் என்று சொல்லத் துணியேன்.

2016 ஜூலையில் சீட்டின்றி விற்க அனுமதி பெற்ற 0.1 சதவீத அடாபலீன், துளையடைப்பையே நேராகத் தாக்குவது. எனினும் அது தனி விண்ணப்பத்தின் வழியே வந்தமையால் அவ்விதியின் பட்டியலில் இடம்பெறவில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் விதி எம்006 என்னும் ஆணையாக உருமாறியபோதும் எட்டும் பத்தும் அவ்வாறே நின்றன. மில்ஸ்–கிளிக்மன் கொள்கையை நிர்வாகம் ஏற்றிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதையும் இங்கே குறிக்க வேண்டும். கந்தகம் நீங்கினால் அதைச் சார்ந்தே நிற்கும் ரிசார்சினாலும் அதன் மோனோஅசிட்டேட்டும் உடன் நீங்கும்; பென்சாயில் பெராக்சைடோ ஒன்பது நாட்களுக்கு முன்னரே நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது; ஆகவே அன்றைய இறுதிப் பட்டியலில் 0.5 முதல் 2 சதவீதம் வரையிலான சாலிசிலிக் அமிலம் ஒன்றே எஞ்சியிருக்கும்.