பசை எனப் பெயர் பெற்றவை

மூளை என்றதும் நாம் நரம்பணுக்களையே எண்ணுகின்றோம். அவற்றைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் துணையணுக்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. இப்புறக்கணிப்பு ஒரு பெயரில் தொடங்கியது எனலாம்.

1856-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ, நரம்பணுக்களுக்கு இடையே நிறைந்திருந்த பொருளுக்கு 'நியூரோகிளியா' என்று பெயர் சூட்டினார். கிரேக்கம் சிறிதேனும் பயின்றோர் அச்சொல்லின் பொருளை உடனே அறிவர்: நரம்புப் பசை. செங்கற்களைப் பிணைக்கும் காரை போன்றது என்று கருதிவிட்டால், அதற்கென ஒரு தனிப் பணியை யார் தேடுவார்?

1873-இல் இத்தாலியரான கமில்லோ கால்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு அணுக்களைக் கருமையாக்கும் முறையைக் கண்டார். அம்முறையில் ஒரு விந்தை உண்டு. எண்ணற்ற அணுக்களுள் மிகச் சிலவே கருமை பெறும். ஆதலால்தான் தோப்பினுள் ஒரு மரத்தை மட்டும் வேரும் கிளையுமாகக் காண முடிந்தது. அம்முறையைத் திருத்திக் கையாண்ட ஸ்பானியர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாத தனித்தனி அணுக்களே என்று 1888 முதல் எழுதி வந்தார். கால்ஜியோ அவை ஒரே வலைப்பின்னல் என்றார். 1906-இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அம்மேடையிலேயே காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார் கால்ஜி! தம் கருவியால் பிறர் கண்ட உண்மையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை.

ஆனால் காஹாலின் கண்ணுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1913-இல் அவர் பொன்னுப்புச் சாயத்தால் விண்மீன் வடிவத் துணையணுக்களைத் தெளிவாகக் காட்டினார். எஞ்சியவை சாயம் ஏற்கவில்லை. அவற்றை 'மூன்றாம் கூறு' என்று ஒதுக்கி வைத்தார். அக்கூற்றினுள் இரு வேறு இனங்கள் இருப்பதை 1919-இல் வேறொரு வெள்ளிச் சாயத்தால் பிரித்துக் காட்டியவர், அவரது ஆய்வகத்திலேயே பணியாற்றிய பியோ டெல் ரியோ ஒர்த்தேகா. மறு ஆண்டே அவர் அவ்வாய்வகத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் உள்நாட்டுப் போர் அவரைத் தாய்நாட்டினின்றே பெயர்த்தது. 1945-இல் புவனோஸ் ஐரிஸில் காலமானார். அறிவியல் வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுமையாக அளிக்கப்படவில்லை என்பதே நம் கருத்து.

அவர் கண்ட இரு இனங்களுள் ஒன்று, மூளையில் சிதைந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்கிறது. மற்றொன்று நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை இடுகிறது. அவ்வுறையால்தான் செய்தி விரைந்து பாய்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்கிச் சிதைக்கும் நோயும் உண்டு. அதனால் பார்வை மங்கும், கால்கள் தளரும்.

துணையணுக்கள் நரம்பணுக்களினும் பத்து மடங்கு மிகுதி என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளைத் திசுவைக் கரைசலாக்கி அணுக்கருக்களை எண்ணிப் பார்த்தனர். நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. பிற அணுக்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 8,500 கோடி.