நந்தவனம் முதல் நகர்ப் பூங்கா வரை

ஸ்ரீமுஷ்ணம் கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்குத் தெற்கே, வீராணம் ஏரிக்கு வடமேற்கே அமைந்த பேரூராட்சி. பூவராகப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. வராகரின் வியர்வை நித்திய புஷ்கரணி ஆனது என்றும், அவருடைய கண்களிலிருந்து அரச மரமும் துளசியும் தோன்றின என்றும் தலபுராணம் கூறுகிறது. குளம், நிழல்மரம், துளசியும் பூவும் வளரும் நந்தவனம் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு, நகராட்சிப் பூங்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் ஊர்களில் இருந்தது. அதை ஏற்படுத்தியவர்களைவிட, நாள்தோறும் தண்ணீர் இறைத்துக் களை பறித்தவர்களாலேயே அது நிலைத்தது.

நந்தவனம் வழிபாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. பெருமாளுக்குத் துளசி, சிவனுக்கு வில்வம், இரு கோயில்களுக்கும் நந்தியாவட்டை, அலரி, முல்லை, செண்பகம் என நாள் தவறாமல் பூ வேண்டும். விடியற்காலையில் பறித்துத் தொடுத்த மாலையைக் கல்வெட்டுகள் திருப்பள்ளித்தாமம் என்கின்றன. கிணற்றிலோ குளத்திலோ ஏற்றம் இறைத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவது, வேலி அடைப்பது, பட்ட செடிக்கு மறுசெடி வைப்பது என்று ஆண்டு முழுவதும் ஓயாத வேலை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் பேணியவர்கள் என்று வைணவ மரபு போற்றுகிறது. வீராணத்தின் தென்கோடியில் உள்ள காட்டுமன்னார்கோயில், ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகளின் ஊர். ஆகவே இந்த வட்டாரத்துக்கு அந்த மரபு நெருக்கமானது.

சைவத்தில் இதற்கு இணையான தொண்டைத் தொடங்கி வைத்தவர் கடலூர் மாவட்டத்துக்காரர். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், 7ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை என்னும் களைக்கருவியை ஏந்தி, கோயில் சுற்றுகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார். பெரும் புலவர் ஒருவர் இந்த வேலையைத் தம் கையால் செய்ததால், பொது இடத்தைத் துப்புரவாக வைப்பது வழிபாட்டுக்கு நிகரான மதிப்பைப் பெற்றது. உழவாரப்பணிக் குழுக்கள் இன்றும் அதே பெயரில் தமிழ்நாடு முழுவதும் கோயில் வளாகங்களைத் துப்புரவு செய்கின்றன.

தனிமனிதரின் பக்தியை மட்டும் நம்பித் தோட்டம் பிழைக்காது என்பதைச் சோழர் கால ஊர்ச்சபைகள் உணர்ந்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரைக் குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளாகப் பிரித்து, குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. ஊர்த் தோட்டங்களைக் கவனித்த தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்கள் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு உரியவர்களாகக் கருதப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது. வீராணம் ஏரியும் இதே பராந்தகன் காலத்தது. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரே ஏரிக்கு வழங்கியது.

சிதம்பரம் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும், 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட காடவர் கோப்பெருஞ்சிங்கன் காலத்தவற்றிலும், நந்தவனங்களுக்கு நிலம் விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகைய கொடைகளில் தோட்டம் அமையும் இடத்தோடு, தோட்டத்தைப் பேணும் நந்தவனக்குடிகளின் பிழைப்புக்கு வேண்டிய நிலமும் ஒதுக்கப்பட்டது. நான்கெல்லை குறிக்கப்பட்டது, வரி நீக்கப்பட்டது. பல சோழர் காலக் கொடைகளின் முடிவில், இந்தத் தர்மத்தைக் காப்பவர்களின் பாதங்கள் தம் தலைமேல் இருப்பதாகக் கொடையாளர் அறிவிப்பார். காப்பவர் கொடுத்தவரைவிட உயர்ந்தவர் என்பதே அதன் பொருள்.

இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அரசை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கியது. இடையே 1858இல் அமைந்த இனாம் ஆணையம் மானிய நிலங்களின் உரிமையை ஒவ்வொன்றாக விசாரித்தது. நிலமும் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த பழைய உறவு பல இடங்களில் அறுந்தது. குளம், வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்தும் இதே காலத்தில் நலிந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அதைத் தண்டனையால் நிலைநிறுத்த முயன்றும் பெரிதாகப் பயன்தரவில்லை. ஊரார் தமதென்று கருதிச் செய்த வேலையைச் சட்டத்தின் அச்சுறுத்தலால் செய்விக்க முடியவில்லை.

அதே காலத்தில் புதிய வகைப் பொதுத் தோட்டம் வந்தது. 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னையில் மக்கள் பூங்காவை உருவாக்கினார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கடலூர் 1866இலும் சிதம்பரம் 1873இலும் நகராட்சிகளாயின. நகராட்சிப் பூங்கா பூப்பறிக்கும் இடமன்று. காற்று வாங்கவும் விளையாடவும் உரிய இடம். அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சாதியின் பெயரால் பலரைக் கோயிலுக்குள் விடாத வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம்தான் பொதுவாகத் தடைசெய்தது. பூங்காவின் திறந்த வாயில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால் பூங்காவோடு கூலிக்குத் தோட்டக்காரரும் வந்தார். ஊரார் பார்வையாளராயினர், நிதி குறைந்தபோது பூங்கா புதரானது.

பூங்கா நிலத்தைக் காக்கச் சட்டங்கள் பின்னர் வந்தன. 1959இல் தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையச் சட்டமும், பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. 1991இல் பெங்களூரு வழக்கு ஒன்றில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றியது செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம், பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் அமைப்பதை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றாக 12ஆம் அட்டவணையில் சேர்த்தது. ஸ்ரீமுஷ்ணம் போன்ற பேரூராட்சிகளும் இதில் அடங்கும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பேச்சில் வழங்கும் இது தான ஆவணம் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்கிறது. சிற்றூர்களின் புதிய நகர்களில் தெருப்பூங்கா பெரும்பாலும் இந்த நிலத்தில்தான் அமைகிறது.

நிலத்தைச் சட்டம் காப்பாற்றும். செடியைக் காப்பாற்ற மனிதர் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலா, முந்திரி, நிழல்மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மறுபடியும் நட்ட கன்றுகள் மரமாக வேண்டுமானால், முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கங்களும் உழவாரக் குழுக்களும் இதைச் செய்ய முடியும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, ஏரிப் பாசனம் பெறும் உழவர்களிடமே வேலையை ஒப்படைத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

சோழர் கால ஏற்பாடுகளை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. சாதி வேலியைத் தாண்டிய பூங்காவே இன்றைக்கு உரியது. ஆனால் அந்த ஏற்பாடுகளில் எழுதப்பட்டிருந்தவை இன்றும் தேவை: எல்லை குறித்த நிலம், உறுதியான நீர், பேணுபவருக்குப் போதிய ஊதியம், ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஊர்க்குழு. இவற்றில் முதல் ஒன்றைத்தான் இன்றைய சட்டம் ஓரளவு தருகிறது. மற்ற மூன்றையும் உள்ளாட்சியும் குடியிருப்போரும் சேர்ந்தே ஏற்படுத்த வேண்டும்.